இரவில் வீட்டுக்குள் கேட்கும் உறுமல் சத்தம்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

பகலில் கேட்காது. பதினொரு மணிக்கு மேல் டி.வி.யை நிறுத்தி, தெருவில் வண்டிகள் குறைந்து, தலையணையில் காது பட்டதும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு உறுமல் கேட்கும். எழுந்து உட்கார்ந்தால் குறையும். ஜன்னலைத் திறந்தால் காணாமல் போகும். மறுபடி படுத்தால் வந்துவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றால் தூக்கம் போனதோடு நிம்மதியும் போய்விடும்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். சந்தேகம் வந்த சாமானையெல்லாம் மாற்றத் தொடங்குகிறார்கள். ஃபேன் மாறும், ஃபிரிட்ஜுக்கு மெக்கானிக் வருவார், ஏ.சி. சர்வீஸ் ஆகும், சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். தாழ்ந்த சத்தம் சுவர், தளம், குழாய் வழியாக நடந்து வரும். கேட்கும் இடமும் பிறக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் காதை நம்பித் தேடாதீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, இல்லை என்று உறுதியானதைக் கழித்துக்கொண்டே வாருங்கள். பொறுமையாகச் செய்தால் ஒரு வாரம் ஆகும். செலவு, பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்க்குள்.

கீழே உள்ளது தமிழ்நாட்டு நகர வீடுகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் மனத்தில் வைத்து எழுதியது. சம்ப், மொட்டை மாடித் தொட்டி, இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் எல்லாம் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, டார்ச், காய்ந்த ரப்பர் செருப்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெதஸ்கோப் (சுமார் 300 முதல் 500 ரூபாய்), போனில் ஒலியின் அலைவரிசையை (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை) காட்டும் செயலி ஒன்று. ஆண்ட்ராய்டு போனில் ‘ஸ்பெக்ட்ராய்டு’ இலவசம், இந்த வேலைக்குப் போதும்.

1. மூன்று இரவு குறிப்பு எழுதுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் இது. சத்தம் தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த அறையில் அதிகம், அப்போது கரன்ட் இருந்ததா, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததா. இவ்வளவு போதும். “ராத்திரி முழுக்கக் கேட்டது” என்று எழுதினால் பயனில்லை, மணி வேண்டும். இப்படி:

செவ்வாய். 11.40 தொடக்கம். 11.52 நின்றது. 12.21 தொடக்கம். 12.34 நின்றது. படுக்கையறையில் அதிகம், கூடத்தில் குறைவு.

இந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, அரை மணி நேரம் ஓய்ந்து, மறுபடி ஓடுவது ஃபிரிட்ஜ் கம்ப்ரசரின் நடை. உங்கள் ஃபிரிட்ஜாகவும் இருக்கலாம், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள வீட்டு ஃபிரிட்ஜாகவும் இருக்கலாம். அரை நிமிடம் உறுமி, ஐந்தாறு நிமிடம் அமைதியாகி, கடிகாரம் போலத் திரும்பத் திரும்ப வந்தால் பிரஷர் பம்ப். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் மட்டும் வந்தால் தெருக் குழாயில் தண்ணீர் விடும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கரன்ட் போய் வந்த பிறகு சில மணி நேரம் மட்டும் கேட்டால் அது இன்வெர்ட்டர் சார்ஜ் ஆகும் சத்தம். இரவு முழுக்க ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சுருதியில் நின்றால் மின்மாற்றி, ஸ்டெபிலைசர், டியூப் லைட் சோக், அல்லது இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் ஏதோ ஒரு மின்விசிறி.

2. சத்தம் காதிலா, வீட்டிலா?

இதைக் கேட்பது யாரையும் குறைத்துச் சொல்வதற்காக இல்லை. காதுக்குள்ளேயே இரைச்சல் உண்டாவது மிகச் சாதாரணம், அதற்கு வைத்தியமும் வேறு. ஊரில் அமைதியான வேறொரு இடத்தில், உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ, ஓர் இரவு தங்கிப் பாருங்கள். அங்கேயும் அதே சுருதியில் கேட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருப்பதுகூடக் காரணமாக இருக்கும். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று துடித்தால், அல்லது ஒரு காதில் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால், தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

காதை விரலால் அடைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். தாழ்ந்த சத்தம் அடைத்த காதிலும் எலும்பு வழியே ஓரளவு கேட்கும். வீட்டில் இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்பதும் சாட்சியாகாது. ஏன் என்று ஆறாவது படியில் வருகிறது.

3. மெயினை அணைத்துப் பாருங்கள்

எல்லாச் சோதனையிலும் முக்கியமானது இதுதான். தவறாகச் செய்யப்படுவதும் இதுதான்.

சத்தம் நன்றாகக் கேட்கும் நேரத்தில் தொடங்குங்கள். வீட்டில் யாராவது ஆக்சிஜன் கருவி போன்ற மருத்துவக் கருவியில் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். முதலில் ஏ.சி., கம்ப்யூட்டர் ஆகியவற்றை அவற்றின் ஸ்விட்சிலேயே நிறுத்துங்கள். பிறகு டி.பி. பாக்ஸில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டியில்) உள்ள மெயின் ஸ்விட்சை இறக்குங்கள்.

இங்கேதான் பெரிய பொறி. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு ஃபேனையும் விளக்கையும் பேட்டரியில் ஓட்டத் தொடங்கும். சத்தம் நிற்காது, சில சமயம் கூடும். ‘மெயினை அணைத்தும் கேட்கிறது, ஆகவே வெளியிலிருந்து வருகிறது’ என்ற தவறான முடிவுக்குப் பலர் வருவது இதனால்தான். இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சையும் அணையுங்கள். கம்ப்யூட்டருக்குத் தனி யு.பி.எஸ். இருந்தால் அதையும். வீட்டில் ஒரு சிறு விளக்குகூட எரியக்கூடாது. டார்ச் வெளிச்சத்தில் படுக்கையில் போய், வழக்கமாகத் தலை வைக்கும் இடத்தில் படுத்துக் கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் கணக்கில்லை.

ஐந்து நிமிடம் காத்திருங்கள். மெயினை மேலே ஏற்றுங்கள். மறுபடி ஐந்து நிமிடம். இதை மூன்று முறை செய்ய வேண்டும். ஒரே முறை செய்து சத்தம் நின்றுவிட்டால், அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் தற்செயலாக ஓய்ந்திருக்கலாம். மூன்று முறையும் ஸ்விட்சோடு சேர்ந்து நின்று, ஸ்விட்சோடு சேர்ந்து வந்தால்தான் முடிவு. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் மட்டும் இதற்கு ஒத்துவராது. கரன்ட் வந்ததும் அது உடனே ஓடாது, அடிக்கடி அணைத்து ஏற்றுவதும் அதற்கு நல்லதில்லை. அதனால் இந்தச் சோதனைக்கு முன்பே ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றிவிட்டு, அது நின்ற பிறகும் சத்தம் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்துவிடுங்கள். கழற்றிய பிளக்கை ஐந்து நிமிடத்துக்குள் திரும்பச் செருக வேண்டாம். ஒரு மணி நேரம் மூடியே இருந்தால் உள்ளே எதுவும் கெட்டுப்போகாது.

எச்சரிக்கை: இ.பி. முத்திரை வைத்த மீட்டர் பெட்டியையோ கட்-அவுட் ஃபியூஸையோ தொடாதீர்கள். உங்கள் வீட்டு டி.பி. பாக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. நின்றுவிட்டதா? உங்கள் வீட்டுச் சாமான்தான்

மெயினை ஏற்றி, அதே பெட்டியில் உள்ள சிறிய எம்.சி.பி.க்களை (ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக உள்ள சிறு ஸ்விட்சுகளை) ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். எந்த எம்.சி.பி.யில் நிற்கிறதோ அந்த வரிசையில் உள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். அதன்பின் வழக்கமான குற்றவாளிகள்:

ஃபேன். குறைந்த வேகத்தில் உறுமி, ஐந்தில் வைத்தால் உறுமல் போய்விட்டால் தவறு ரெகுலேட்டரில். சுழற்றிக்கொண்டே போகும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தின் அலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கும், அந்த நறுக்கல் காயிலில் உறுமலாகக் கேட்கும். கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். சுமார் 250 முதல் 400 ரூபாய், அரை மணி நேர வேலை. ஐந்திலும் உறுமினால் பெரும்பாலும் பேரிங். கரன்ட் போகும்போது மட்டும் எல்லா ஃபேனும் சேர்ந்து உறுமினால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை. ஃபேனில் குறை இல்லை, அதை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கினால்தான் தீரும்.

ஃபிரிட்ஜ். உறுமும்போது மேலே உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னால் கீழே உள்ள தண்ணீர்த் தட்டில். எங்கே அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே ஏதோ தளர்ந்திருக்கிறது. தலையில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குங்கள். பின்பக்கம் சுவரைத் தொடாமல் இரண்டு மூன்று அங்குலம் இழுத்து வையுங்கள், முன் காலில் உள்ள திருகைத் திருகி ஆட்டம் இல்லாமல் நிறுத்துங்கள். பலருக்கு இத்தோடு முடிந்துவிடும், செலவே இல்லை. ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றால் உள்ளே இருக்கும் விசிறியில் ஐஸ் உரசுகிறது. ஒரு பகல் முழுக்க அணைத்து, கதவைத் திறந்து வைத்து உருக விடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் பல ஆயிரம் போய்விடும்.

ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர். இரண்டிலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஓரளவு உறுமத்தான் செய்யும். ஊரில் உபயோகம் குறையும் நள்ளிரவில் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 245, 250 என்று ஏறும். வோல்டேஜ் ஏற ஏற உறுமலும் ஏறும். இரவில் மட்டும் கேட்பதற்கு இது ஒரு நேரடிக் காரணம். ஸ்டெபிலைசரைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தால் அந்தச் சுவரே ஒலிபெருக்கி ஆகிவிடும். கீழே இறக்கி, மடித்த யோகா பாய் மேல் வைத்துக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். காற்றோட்டத்தை மட்டும் அடைக்காதீர்கள். பேட்டரி பக்கம் ‘குளுகுளு’ என்று கொதிக்கும் சத்தம் தொடர்ந்து வந்தால் டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்த்து, சார்ஜிங் சரியாக இருக்கிறதா என்று ஆளை வைத்துச் சோதியுங்கள். தீக்குச்சி வெளிச்சத்தில் பேட்டரியை எட்டிப் பார்க்கவே கூடாது.

ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. தொட்டி நிறைந்த பிறகும் மிதவை ஸ்விட்ச் வேலை செய்யாமல் போனால் உள்ளே இருக்கும் சின்ன பம்ப் இரவு முழுக்க ஓடும், கழிவுக் குழாயில் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும். படுக்கப் போகும்போது அதன் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள்.

இரும்புச் சோக் வைத்த பழைய டியூப் லைட், செட்-டாப் பாக்ஸ் அடாப்டர், காலிங் பெல்லின் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவை மெல்லிய சத்தம் போடும். பிளக்கைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் வேறு வகை. ஸ்விட்ச் போர்டிலோ டி.பி. பாக்ஸிலோ ‘ஜ்ஜ்ஜ்’ என்ற சத்தத்தோடு இடையிடையே ‘சட சட’ கேட்டால், அல்லது தொட்டால் சுட்டால், எரிந்த வாசனை வந்தால், அந்த எம்.சி.பி.யை உடனே இறக்குங்கள், மறுபடி ஏற்ற வேண்டாம். ஒயர் தளர்ந்து தீப்பொறி விடுகிறது. காலையில் முதல் வேலையாக எலெக்ட்ரீஷியன் வர வேண்டும். மற்ற எல்லா உறுமலும் தூக்கத்தைத்தான் கெடுக்கும், இது வீட்டையே எரிக்கும்.

5. நிற்கவில்லையா? அடுத்தது தண்ணீர்

மின்சாரத்துக்குப் பிறகு வீட்டில் அதிகம் உறுமுவது குழாய்கள்தான். டாய்லெட் ஃபிளஷ் டேங்கின் அடியில் உள்ள ஆங்கிள் காக்கை மூடிவிட்டுக் கேளுங்கள். வாஷர் தேய்ந்த மிதவை வால்வு முழுசாக மூடாமல் நூலளவு தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது அதிர்ந்து ‘ஊஊங்’ என்று இரையும். புது வால்வு சுமார் 250 முதல் 500 ரூபாய், பிளம்பர் கூலி தனி. கசிகிறதா என்று பார்க்க ஃபிளஷ் டேங்கில் சிறிது மஞ்சள் தூளைக் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். கோப்பைத் தண்ணீர் மஞ்சளானால் கசிகிறது.

அடுக்குமாடியில் பிரஷர் பம்ப் இருந்தால் இந்தக் கசிவுக்கும் உறுமலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. யாரோ ஒரு வீட்டில் ஃபிளஷ் டேங்க் கசியும். குழாயில் அழுத்தம் மெல்ல இறங்கும். குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் மாடியில் பம்ப் அரை நிமிடம் ஓடி அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும். விடிய விடிய இதே கதை. பம்ப் பழுது என்று பம்பைக் கழற்றுவார்கள், பம்பில் குறை இருக்காது. சோதிப்பது எளிது: நள்ளிரவில் அசோசியேஷன் செக்ரட்டரியின் அனுமதியோடு ஒவ்வொரு லைனின் கேட் வால்வையும் பத்து நிமிடம் மூடுங்கள். எந்த லைனை மூடும்போது பம்ப் ஓடாமல் இருக்கிறதோ அந்த லைனில் உள்ள வீடுகளில் கசிவு. எல்லா லைனையும் மூடியும் பம்ப் ஓடினால் அதன் என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) பிடிக்கவில்லை. பம்போடு இருக்கும் பிரஷர் டேங்கில் காற்று போயிருந்தாலும் பம்ப் நொடிக்கு நொடி ஓடி நிற்கும். டேங்கில் தண்ணீரை முழுக்க வடித்த பிறகு காற்றழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (அழுத்தமானியில் காட்டும் அளவு) குறைவாக இருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போது அளந்தால் எண் தப்பாகத்தான் வரும், பலர் செய்யும் பிழை அது.

சம்பில் உள்ள பால் வால்வையும் மறக்காதீர்கள். விடியற்காலையில் தெருக் குழாயில் தண்ணீர் வந்து, சம்ப் நிறையப்போகும் கடைசிப் பத்து நிமிடத்தில் வால்வு பாதி மூடிய நிலையில் அதிரும். தரைத்தளத்துப் படுக்கையறைக்கு அது லாரி நிற்பது போலக் கேட்கும். வால்வை மாற்றுங்கள், அல்லது தண்ணீர் மீட்டரை அடுத்த வால்வைக் கால் சுற்று மூடி வேகத்தைக் குறையுங்கள்.

மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் ஏறாமல் ‘கொர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே நின்றால் அது வேறு சங்கதி. கண்டென்சர் போய்விட்டது, அல்லது இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இறுகிவிட்டது. உடனே அணையுங்கள். சில நிமிடம் விட்டாலே காயில் கருகிவிடும். கண்டென்சர் நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும், காயில் கட்டுவது ஆயிரக்கணக்கில்.

6. போனில் அலைவரிசையைப் பாருங்கள்

இதுவரை கிடைக்கவில்லை என்றால் சத்தத்தின் சுருதியே அதன் முகவரி. போனை சார்ஜரிலிருந்து கழற்றுங்கள். செருகியிருந்தால் சார்ஜரின் மின் இரைச்சலே திரையில் 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அதிர்வு) வந்து நிற்கக்கூடும். ஃபேனை நிறுத்துங்கள், காற்று மைக்கில் பட்டால் எல்லாம் குழம்பிவிடும். செயலியைத் திறந்து, தலையணை இருக்கும் இடத்தில் பிடித்து, இடது ஓரத்தில் அசையாமல் உயர்ந்து நிற்கும் முனைகளின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர், சோக், ஸ்டெபிலைசர் எல்லாம் அதன் இரட்டிப்பில், சரியாக 100-ல் உறுமும், கூடவே 200, 300-லும் முனை தெரியும். சுழலும் மோட்டார் அப்படிச் சரியாக நிற்காது, சற்றுப் பின்தங்கும். நிமிடத்துக்கு 2880 சுற்று ஓடும் தண்ணீர் மோட்டார் 48-ல் காட்டும், 1440 சுற்று மோட்டார் 24-ல். ஆகவே 100 சரியாக நின்றால் முதலில் சுழலாத சாமானைத் தேடுங்கள், 47, 48, 49 என்று நின்றால் மோட்டாரைத் தேடுங்கள். 1500 சுற்றில் ஓடும் டீசல் ஜெனரேட்டர் மூன்று சிலிண்டராக இருந்தால் 37.5, நான்கு என்றால் 50, ஆறு என்றால் 75. முனை ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்கினால் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்றின் வெளி யூனிட். போன் மைக் 50-க்குக் கீழே பலவீனம். அங்கே முனை தெரியவில்லை என்பதால் சத்தமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது, ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை? 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம். நம் படுக்கையறைகள் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழு அலை. அந்தச் சத்தம் அறைக்குள் வந்ததும் சுவருக்குச் சுவர் மோதி, சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் அடங்கியும் நிற்கும். இரு பக்கச் சுவர் ஓரத்திலும் நடுவிலும் அதிகம், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி மிகக் குறைவு. சுவரை ஒட்டித் தலை வைத்திருப்பவருக்கு இரைச்சல், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. வீட்டில் இதை வைத்துச் சண்டை வேண்டாம், இடம் மாறிப் படுத்துக் கேளுங்கள்.

7. சுவரைக் கேளுங்கள்

ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைச் சுவரில் வைத்து, நான்கு சுவர், தரை, ஜன்னல் கிரில், குழாய் என்று வரிசையாகக் கேளுங்கள். ஒரே மாதிரிப் பொருளை ஒரே மாதிரிப் பொருளோடுதான் ஒப்பிட வேண்டும். கிரில்லும் குழாயும் எப்போதுமே சுவரைவிடச் சத்தமாகக் கேட்கும், அதனால் கிரில்தான் மூலம் என்று ஆகிவிடாது. சுவரோடு சுவரை, இடுப்பு உயரத்தில், ஒப்பிட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு வீட்டுப் படம் ஒன்றில் எழுதுங்கள். எந்த மூலையில் எண்கள் ஏறுகின்றன என்று படமே சொல்லும்.

அங்கே பெரும்பாலும் இருப்பது ஏ.சி. வெளி யூனிட், லிஃப்ட் சுவர், அல்லது மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாய். வெளி யூனிட்டுக்கும் இரும்புத் தாங்கிக்கும் நடுவே ரப்பர் பேட் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு பேட் சேர்த்து சில நூறு ரூபாய்தான், ஆனால் மாட்டும்போது பலர் வைப்பதே இல்லை. இருக்கும் ரப்பரும் வெயிலில் நாலைந்து வருடத்தில் கல்லாகிவிடும். செப்புக் குழாய் கிரில்லையோ சுவர் ஓட்டையின் விளிம்பையோ தொடும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றுங்கள். மோட்டாருக்கு அடியில் அரை அங்குல ரப்பர் ஷீட் வைத்தால் மட்டும் போதாது, மோட்டாரிலிருந்து புறப்படும் குழாய் சுவரில் இறுக்கமாகக் கிளாம்ப் செய்யப்பட்டிருந்தால் அதிர்வு அந்த வழியில் வந்துவிடும். கிளாம்புக்குள்ளும் ரப்பர் வேண்டும், மோட்டார் அருகே வளையும் ரப்பர் இணைப்பு வேண்டும்.

மாடியில் உயரத்தில் ஏறிப் பார்க்கும் வேலையை இரவில் செய்யாதீர்கள். வெளி யூனிட்டை ஜன்னலில் சாய்ந்து எட்டிப் பிடிக்கவே கூடாது.

ஏ.சி. பெட்டிப் பொந்து, பயன்படுத்தாத எக்ஸாஸ்ட் ஓட்டை ஆகியவற்றில் தேன்கூடு இருந்தாலும் இரவில் மெல்லிய இரைச்சல் கேட்கும். புகை போடாதீர்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

8. வெளியே நடந்து பாருங்கள்

வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, இன்னொருவரோடு, இரவு பன்னிரண்டுக்கு மேல் கட்டடத்தைச் சுற்றி நடங்கள். இருபது அடிக்கு ஒருமுறை நின்று அலைவரிசையைக் குறியுங்கள். படுக்கையறையில் எழுதிய அதே எண் எங்கே ஓங்குகிறது என்பதுதான் கேள்வி. கீழ்த்தளத்தில் ஏ.டி.எம். இருந்தால் அதன் ஏ.சி. விடிய விடிய ஓடும். சூப்பர் மார்க்கெட், பால் கடை, மருந்துக் கடை ஃபிரிட்ஜ், பக்கத்து மாடி செல்போன் டவரின் குளிர்விப்பான், எதிர் வீட்டு ஜெனரேட்டர், தெரு முனை மின்மாற்றி என்று வரிசையாகப் பாருங்கள். மின்மாற்றியின் வேலிக்குப் பக்கத்தில் போக வேண்டாம், பத்தடி தள்ளியே கேட்கும். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

9. புகார் எழுதும் முறை

மூலம் உங்கள் கையில் இல்லாதபோது ஆவணம்தான் பேசும். கையில் வைத்திருக்க வேண்டியவை: குறைந்தது ஏழு இரவுக் குறிப்பு, அலைவரிசைத் திரையின் படங்கள் (படுக்கையறையில் ஒன்று, மூலத்தின் அருகில் ஒன்று), மெயினை அணைத்த சோதனையின் தேதியும் முடிவும், மூலத்தின் போட்டோ.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் காகிதத்தோடு போகாதீர்கள். “சார், உங்க ஏ.சி. யூனிட்டுக்கு அடியில ரப்பர் தேஞ்சிருக்கு போல, ராத்திரி எங்க சுவர்ல அதிருது. பேட் நான் வாங்கித் தர்றேன், உங்க மெக்கானிக்க வச்சே மாட்டிக்கலாமா?” என்று கேளுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் விஷயத்தை வழக்காக்க வேண்டாம்.

அசோசியேஷனுக்கு எழுதும்போது “சத்தம் தாங்க முடியவில்லை” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். “பி பிளாக் பிரஷர் பம்ப் இரவு 11 முதல் 5 வரை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. மூன்றாம் லைன் வால்வை மூடினால் ஓடுவதில்லை. அந்த லைனில் உள்ள வீடுகளின் ஃபிளஷ் டேங்குகளைச் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்கட்டணமும் மிச்சமாகும்” என்று எழுதுங்கள். கடைசி வரிதான் கமிட்டியை நகர்த்தும். பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

மின்மாற்றி என்றால் உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். மின் இணைப்பு எண், மின்மாற்றியின் எண், நேரம் மூன்றும் இருக்கட்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-லும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீப்பொறியோ எண்ணெய் ஒழுகலோ கண்டால் எழுத்துக்குக் காத்திருக்காமல் உடனே அழையுங்கள்.

கடை, ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பொருந்தும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் அளவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. அளவைவிட 10 டெசிபெல் கூடினால் புகார் கொடுக்கலாம். காவல் துறையிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் நகல் கொடுங்கள். மூடியுள்ள ஜெனரேட்டர் பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

இங்கே ஒரு பொறி. விதியில் உள்ள டெசிபெல் ‘ஏ’ அளவுகோலில் சொல்லப்பட்டது. அந்த அளவுகோல் தாழ்ந்த சத்தத்தைக் குறைத்து மதிப்பிடும்: 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல் கழித்துவிடும். தூங்கவிடாத உறுமல் கருவியில் 35 என்று காட்டி, “அளவுக்குள்தான் இருக்கிறது” என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். அளக்க வருபவரிடம், தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோலிலும் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள், அளவை மூலத்தை ஓட்டியும் நிறுத்தியும் எடுக்கச் சொல்லுங்கள். இந்த அளவுகளுக்குள் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஏறிவிட்டால் பேச இடம் கிடைக்கும்.

10. சரியாகும் வரைக்கும், சரியான பிறகும்

தலையைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், அல்லது தலை கால் மாற்றிப் படுங்கள். கட்டில் சுவரைத் தொட்டால் இழுத்துவிடுங்கள், காலுக்கு அடியில் ரப்பர் வையுங்கள். சத்தம் தரை வழியே வருகிறது என்றால் இது மட்டுமே பெரிய மாற்றம் தரும். காதில் வைக்கும் பஞ்சும் ஜன்னல் திரையும் தாழ்ந்த சத்தத்துக்கு அதிகம் உதவாது, அவற்றில் பணம் போடாதீர்கள். ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைப்பது உதவும்.

ரிப்பேர் செய்த அன்று இரவு அமைதியாக இருந்தால் வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று இரவு மறுபடி மணி போட்டுக் குறிப்பு எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய சத்தம் நின்றதும் அதற்குப் பின்னால் இருந்த சின்னச் சத்தம் கேட்கத் தொடங்குவது உண்டு. அலைவரிசை எண் வேறாக இருந்தால் அது புதிய மூலம், ரிப்பேர்காரர் மேல் பிழை இல்லை. அதே எண் என்றால் அவரை மறுபடி கூப்பிடுங்கள்.